ஒன்பது கட்டங்கள்

பட்டியலில் கோபக்காரியைக் காணவில்லை. பேச்சியம்மாள் லேப்டாப் திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழாக மறுபடியும் ஒருமுறை தேடினாள். மேல்வீட்டு டீச்சருடையது இருக்கிறது, எதிர்வீட்டு வேலன் இருக்கிறார், 'ஜீசஸ் லவ்ஸ் யூ' இருக்கிறது, யாரோ குறும்புக்காரன் 'பாஸ்வேர்டு கேட்காதே' என்று ஆங்கிலத்தில் வைத்திருப்பதும் இருக்கிறது. தெருவில் உள்ளவர்களின் வைஃபை எல்லாம் பேர் சொல்லி வரிசையில் நிற்க, சொந்த வீட்டு வைஃபை மட்டும் இல்லை. வரிசையின் கடைசியில் பூட்டுப் படத்தோடு கட்டம் கட்டமாக என்னவோ ஒன்று கிடந்தது. அதன் பக்கம் அவள் போகவில்லை, கட்டம் கட்டமாக வருவதைத் தொடாதீர்கள், தொட்டால் திருடன் உள்ளே வந்துவிடுவான் என்று கொழுந்தன் போன மாதம்தான் குடும்பக் குழுவில் சிவப்பு எழுத்தில் அனுப்பியிருந்தான். மணி பத்து இருபத்திரண்டு. பதினொன்றுக்கு நேர்காணல். சென்னையில் ஒரு பதிப்பகம், வீட்டிலிருந்தே பிழை திருத்தி மெய்ப்புப் பார்க்கும் வேலை, முதலில் திரையில் ஒரு தேர்வு, பிறகு முகம் பார்த்துப் பேச்சு. கைபேசியில் தேர்வுப் பக்கம் திறக்காது, லேப்டாப்பில்தான் வர வேண்டும், பதினொன்று ஐந்துக்குமேல் யாரையும் சேர்க்கமாட்டோம் என்று கடிதத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். எல்லாம் ஒன்பதரை மணிக்கு அவளே தேடிக்கொண்ட வினை. திரை மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, புதுப்பிக்க வேண்டியது இருக்கிறது, இப்போதா பிறகா என்று மரியாதையாகத்தான் கேட்டது. லேப்டாப் மகள் கனகாவுடையது, கல்லூரி ஹாஸ்டலுக்குப் புதிது வாங்கிக்கொண்டு பழையதை விட்டுவிட்டுப் போயிருந்தாள். கனகாவாக இருந்தால் யோசிக்காமல் 'பிறகு' என்று அமுக்கியிருப்பாள். பேச்சிக்கு இன்று அந்தப் பிறகு என்ற சொல்லே ஆகவில்லை. கனகா பள்ளிக்கூடம் சேரட்டும் பிறகு பார்ப்போம், மாமியாருக்குக் கொஞ்சம் எழுந்து நடக்க முடியட்டும் பிறகு பார்ப்போம் என்றுதானே பதினாலு வருஷம் போயிற்று. நல்ல நாளும் அதுவுமாக இன்றைக்கும் ஒரு பிறகா என்று ரோஷத்தோடு 'இப்போதே' என்று அமுக்கினாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, திரை இருண்டது, திரும்ப வந்தது, மறுபடி சுற்றியது. ஐம்பது நிமிஷம் சுற்றிவிட்டுப் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வந்து நின்ற லேப்டாப்புக்கு வீட்டு ரௌட்டரை அடையாளம் தெரியவில்லை.

ரௌட்டர் சாமி அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. அதன் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து வெடித்திருந்தன. வீட்டுக்காரர் செல்லையா தனியார் பஸ்ஸில் டிரைவர், பஸ்ஸுக்குப் பொட்டு வைத்த கையோடு வீட்டுக்கு வந்து மிக்ஸி, தையல் மிஷின், ரௌட்டர் என்று ஒன்று விடாமல் வைத்துவிடுவார். பேச்சி இரண்டு முறை அதை அணைத்துப் போட்டுவிட்டாள். விளக்கெல்லாம் பச்சை, ஒன்றுகூட மினுங்கவில்லை. உனக்கு என்னதான் குறை, எரிவதெல்லாம் ஒழுங்காக எரிகிறதே, கண்ணில் மட்டும் ஏன் படமாட்டேன் என்கிறாய் என்று வாய்விட்டே கேட்டாள். கேட்டபிறகு, உனக்கு என்னதான் குறை என்று அவரும் தன்னைப் பார்த்து, தான் பேசாமலிருந்த அந்த ஐந்து நாளும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைவு வந்து கோபமும் சிரிப்புமாக ஆயிற்று. மூன்று மாதம் முன்னால் பதிப்பகத்து விளம்பரத்தைக் காட்டியபோது சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன் இலையிலிருந்து நிமிராமலே, "இத்தன வருசம் கழிச்சு உன்னால முடியுமாளா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ரசம் ஊற்று என்று சொல்வதுபோலத்தான் சொன்னார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மட்டம் தட்டவேண்டும் என்று சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது, அவளுக்கே அல்லவா அது தெரியவில்லை. அதனால் பேசாமலிருந்தாள். பேச்சி என்று பேர் வைத்துக்கொண்டு ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் கைபேசியை எடுத்தால் இணையம் அறுந்துகிடந்தது, வீட்டு வைஃபையின் பேர் இருந்த இடத்தில் தமிழில் 'கோபகாரி' என்று இருந்தது. பஸ்ஸின் பின்னால் எழுதியிருப்பதைத் தவிர வேறு எதையும் வாசிக்காத மனுஷன், கனகாவிடம் போனில் வழி கேட்டு, மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகத் தேடி வைத்த பேர். அவள் நேரே போய் அவர் முன்னால் நின்றாள். "ஒத்து விட்டுட்டீங்க," என்றாள். "கோபக்காரி. நடுவுல க் வரணும்." அவர் கையெடுத்துச் சாமியைக் கும்பிட்டார். "வாயத் தொறந்துட்டா," என்றார். அன்றைக்கே க் போட்டுத் திருத்தினார். ஆனால் பேரை மாற்றுங்கள், வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டால் நான் என்னவென்று சொல்வேன் என்று மூன்று மாதமாகச் சொல்கிறாள், அதற்கு மட்டும் காது கேட்பதில்லை.

பத்து முப்பத்தொன்று. கைபேசியை எடுத்துப் பார்த்தாள், அதில் கோபக்காரி முழு எழுத்தோடு முழுக் கோட்டோடு நன்றாகத்தான் இருந்தாள். அப்படியானால் ரௌட்டருக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் லேப்டாப்புக்குத்தான் கண் அவிந்துவிட்டது, அதற்குக் காரணம் நான்தான். கைபேசியிலிருந்தே லேப்டாப்புக்கு இணையம் கொடுக்கலாம் என்று கனகா ஒருமுறை செய்து காட்டியிருந்தாள். செய்து பார்த்தாள். இந்த வீட்டுக்குள் செல்போன் கோபுரத்தின் கோடு ஒன்றுக்குமேல் ஏறியதே இல்லை, தேர்வுப் பக்கத்தின் தலைப்பு பாதி வந்து அப்படியே உறைந்து நின்றது. கனகாவைக் கூப்பிட்டாள், அணைக்கப்பட்டிருந்தது, பரீட்சை மண்டபத்தில் இருப்பாள். செல்லையாவைக் கூப்பிட்டாள், மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. இந்நேரம் ஆலங்குளத்தைத் தாண்டியிருப்பார், ஸ்டியரிங்கைப் பிடித்தால் போனைத் தொடமாட்டார், அந்தப் பிடிவாதத்தில்தான் இருபத்தாறு வருஷமாக யார் மேலும் இடிக்காமல் ஓட்டுகிறார். எடுத்தாலும் என்ன சொல்லப் போகிறார், முடியுமாளா என்று ஒருதரம் கேட்டதோடு நிறுத்திக்கொண்டார், நேற்று ராத்திரி படுக்கும்போது "நல்லா செய்வ" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கழுத்துப் பின்னால் வேர்த்தது. நல்ல சேலையில் வேர்வை தெரியுமோ, தெரிந்தால் என்ன, யார் பார்க்கப்போகிறார்கள், அதுதானே பிரச்சினை, யாரும் பார்க்கப்போவதில்லை. பதினொன்று ஐந்துக்கு அங்கே ஒரு அம்மா பட்டியலில் பேச்சியம்மாள் என்பதற்கு நேராக ஒரு கோடு இழுப்பார், அடுத்த பேருக்குப் போவார், அவ்வளவுதான், உலகத்தில் வேறு எதுவும் நடக்காது. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அவள் வேலை பார்த்த டிடிபி கடையும் அப்படித்தான் ஒருநாள் ஷட்டரை இறக்கியது. கல்யாணப் பத்திரிகை, பூப்பு நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, தமிழாசிரியர்களின் ஆய்வேடு என்று ஒன்பது வருஷம் அடித்துத் தள்ளினாள். அவள் கை பட்ட தாளில் சந்திப்பிழை இருந்தால் சுட்டிக்காட்டுபவருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறேன் என்று முதலாளி பந்தயம் கட்டுவார், ஒன்பது வருஷத்தில் மூன்று டீதான் போயிற்று. அதற்குப் பிறகு பதினாலு வருஷம் வெறும் தாள். கடைசியாக எப்போது மெய்ப்புப் பார்த்தீர்கள் என்று கேட்டால்? கேட்காமல் இருக்கமாட்டார்கள், எவராக இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அவ்வப்போது சொந்தக்காரர்களின் பத்திரிகைகளைப் பார்த்துக் கொடுப்பேன் என்று சொல்வதாக இருந்தாள். சொந்தக்காரர்கள் யாரும் அவளிடம் எதையும் காட்டியதில்லை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தபோதே பொய் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஒருவேளை வைஃபை வராமல் போவதே நல்லதோ, வராவிட்டால் அந்தக் கேள்வியும் வராதே, முடியுமா முடியாதா என்று யாருக்குமே தெரியாமல் போய்விடுமே. அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. சீ, என்ன புத்தி இது என்று சொல்லிக்கொண்டு ரௌட்டரின் பின்பக்கம் இருந்த உதவி எண்ணை அழுத்தினாள்.

பாட்டு, விளம்பரம், ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, மறுபடி பாட்டு, பத்து நாற்பது. "வணக்கம் மேடம், ரூத் பேசுறேன், என்ன உதவி வேணும்?" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். பேச்சி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள், நேர்காணல், பதினொரு மணி, இப்போதே என்று அமுக்கியது, பதினாலு வருஷம்கூடச் சொல்லிவிட்டாள், எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. அந்தப் பெண் பாவம் பொறுமையாகக் கேட்டாள். ரௌட்டரை அணைத்து முப்பது நொடி கழித்துப் போடுங்கள் என்றாள். போட்டாயிற்று. லேப்டாப்பையும் அதேபோலச் செய்யுங்கள் என்றாள். செய்தாள், அது கண் விழிக்க நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டது. மேல்வீட்டு டீச்சர் வந்தார், வேலன் வந்தார், ஜீசஸ் வந்தார், கேட்காதே வந்தது, கட்டங்கள் வந்தன. "இன்னும் வரலம்மா." ரூத் கொஞ்சம் யோசித்தாள். "மேடம், ரௌட்டர் பின்னாடி குட்டியா ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க. ஊக்கு வச்சுப் பத்து செகண்ட் அழுத்துனா புதுசா வாங்குன மாதிரி ஆயிரும். ஆனா பழைய பேரு, பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சிரும். சில நேரம் லைனும் போயிரும், ஆள் வந்துதான் சரி பண்ணணும், பரவால்லயா?" பேச்சி வளையலில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிவிட்டாள். நிமிர்த்தி ஓட்டையில் வைத்தும் விட்டாள். பத்து செகண்ட். கோபக்காரி போய்விடுவாள், மூன்று மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்ததுதான், வீட்டுக்கு வந்தவர்களிடம் எண்ணும் எழுத்துமாக ஏதோ ஒரு பேரைத் தலைநிமிர்ந்து சொல்லலாம். விரல் அழுந்தமாட்டேன் என்றது. மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம். அந்த மனுஷனுக்கு ஓகாரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கால் மணி ஆகியிருக்கும். மன்னித்துக்கொள் என்று சொல்லத் தெரியாதவர் வீடு முழுக்க அதைப் பரப்பிவிட்டிருக்கிறார், அடுப்படியிலும் குளியலறையிலும்கூட அதுதான் இத்தனை நாள் மிதந்துகொண்டிருந்தது, இவள் என்னடாவென்றால் ஊக்கை வைத்துக் குத்தப்போகிறாள். "மேடம், லைன்ல இருக்கீங்களா? அழுத்துறதுக்கு முன்னாடி புகார்ல எழுதிக்கிறேன், உங்க நெட்வொர்க் பேரு சொல்லுங்க." பேச்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். கையால் வாயை மறைத்துக்கொண்டாள். "கோபக்காரி," என்றாள், ரகசியம் சொல்வதுபோல.

அந்தப் பக்கமிருந்து சிரிப்பை விழுங்கிய குரலில், "ஸ்பெல்லிங் சொல்லுங்க மேடம்," என்றாள் ரூத். ஸ்பெல்லிங் ஏதம்மா, பேரே தமிழில்தான் இருக்கிறது என்றாள் பேச்சி. "அப்ப எழுத்து எழுத்தாச் சொல்லுங்க." எழுத்து எழுத்தாக என்றதும் பேச்சியின் விரல்கள் தாமாகவே மேசைமேல் தட்ட ஆரம்பித்தன, ஒன்பது வருஷம் பழகிய விரல்கள், வாய் அவற்றின் பின்னால் ஓடியது. ரெட்டைக்கொம்பு, க, கால், ப, க, புள்ளி, க, கால், ர, மேல்விலங்கு. "பத்து," என்றாள். "என்ன மேடம் பத்து?" பேச்சி பட்டியலின் கடைசி வரியைப் பார்த்தாள். கட்டம், கட்டம், கட்டம். எங்கே பார்த்திருக்கிறோம் இதை. ஒரு தை மாதம், கடைக்குள் ஒருவர் பதறி அடித்துக்கொண்டு ஓடி வந்தார், கையில் குறுந்தகடு, பெண்ணைப் பெற்றவர். பத்திரிகைக் கோப்பை மைத்துனர் வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தால் மாப்பிள்ளை பேர் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள், அபசகுனம் என்று வீடே அழுகிறது என்றார். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து என்ன சொன்னாள்? மாப்பிள்ளை எங்கயும் போகல அண்ணாச்சி, உள்ளதான் இருக்காரு, அந்தக் கம்ப்யூட்டர்ல நம்ம எழுத்துரு இல்ல, வாசிக்கத் தெரியாம கட்டம் போட்டுக் காட்டுது. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் இதை! எழுத்துரு இல்லாத திரை, தமிழ் என்று அடித்ததை ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று காட்டினாலும் தடுமாறாமல் தமிழ் என்றே படித்தவள், கட்டங்களைக் கண்டால் கொழுந்தன் பேச்சைக் கேட்டு ஒதுங்கிப் போகிற அளவுக்கு வந்திருக்கிறாள். புதுப்பித்தபோது லேப்டாப் தமிழை எங்கோ தொலைத்திருக்கிறது. ஒரு விசைக்கு ஒரு கட்டம் என்று அவள் கட்டங்களை எண்ணினாள். ஒன்பது. மறுபடி எண்ணினாள், ஊக்கின் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள், ஒன்பதுதான். பத்து வர வேண்டுமே, ஒன்று குறைகிறதே, அப்படியானால் இது வேறு யாரோ, நிஜமாகவே திருடன்தானோ. ரெட்டைக்கொம்பு, க, கால், ப. அங்கே நின்றது விரல். ரெட்டைக்கொம்பு, க, கால் என்பது பழைய கடைக் கீபோர்டு. இந்த வேலைக்காக ஒரு மாதமாக, விரலைத் திட்டித் திட்டி அவள் கற்றுக்கொண்ட புதுக் கீபோர்டில் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் அடிக்க வேண்டாமே. க அடித்து ஓ அடித்தால் கோ. செல்லையா பேர் அடித்த கைபேசியிலும் அப்படித்தான், மூன்று இல்லை, இரண்டு. க, ஓ, ப, க, புள்ளி, க, கால், ர, விலங்கு. ஒன்பது! செல்லையா முதலில் வைத்த பேராக இருந்திருந்தால் ஏழோடு முடிந்திருக்கும். நடுவில் இருக்கும் ஒரு க, ஒரு புள்ளி, அந்த இரண்டு கட்டம் அவள் போட்டது. பேச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது, ரூத்துக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று மூக்கை உறிஞ்சினாள். "அழுத்த வேண்டாம்மா. கெடச்சுட்டா. இங்கதான் இருக்கா." கட்டங்களைத் தொட்டாள். பாஸ்வேர்டு கேட்டது, செல்லையாவின் பஸ் நம்பர், அடித்தாள். வட்டம் ஒரு சுற்று சுற்றி நின்றது. பத்து ஐம்பத்தாறு. "ஆல் தி பெஸ்ட் மேடம்," என்றாள் ரூத், "நானும் தமிழ்லதான் பேரு வைக்கப்போறேன்." பேச்சி அவளுக்கு நன்றி சொல்லாமலே வைத்துவிட்டாள், அது ஞாபகம் வந்தபோது தேர்வு தொடங்கியிருந்தது.

தேர்வுப் பக்கம் தனக்கு வேண்டிய எழுத்தைத் தானே கொண்டுவந்தது, தமிழ் தமிழாகவே தெரிந்தது. நாற்பது நிமிஷம், நாலு பக்கம். முதல் வரியிலேயே ஒரு ஒற்று இல்லை என்று கண்டதும் உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு ரௌட்டர், மணி, சேலை, வேர்வை எதுவும் நினைவில் இல்லை, எங்கே மிகும் எங்கே மிகாது என்று விரல் போய்க்கொண்டே இருந்தது, இரண்டு இடத்தில் சந்தேகம் வந்தது, ஒரு இடத்தில் தவறு செய்துவிட்டோம் என்று அனுப்பிய பிறகு தெரிந்தது. போகட்டும், ஒரு டீ. அப்புறம் திரையில் ஒரு முகம் வந்தது. கண்ணாடி போட்ட, நரையை மறைக்காத ஒரு அம்மா. தன் பேர் மெஹருன்னிசா, பதிப்பகத்தின் மூத்த ஆசிரியர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். தாளைப் புரட்டினார். பேச்சிக்குத் தெரியும் அடுத்தது என்ன வரும் என்று. வந்தது. "பதினாலு வருஷம் வெறுமையா விட்டிருக்கீங்களேம்மா. கடைசியா எப்ப மெய்ப்புப் பாத்தீங்க?" சொந்தக்காரர்களின் பத்திரிகை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கைபேசி மேசைமேல் அதிர்ந்தது, செல்லையா, தென்காசி போய்ச் சேர்ந்திருப்பார், தவறிய அழைப்பைப் பார்த்துப் பதறிக்கொண்டு கூப்பிடுகிறார். அதைக் கவிழ்த்து வைத்தாள். "மூணு மாசத்துக்கு முன்னால, மேடம்," என்றாள். "ஒரே ஒரு சொல்லுதான். ஒத்து விட்டுப்போயிருந்துச்சு." மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தார். "யாருக்குப் பாத்துக் கொடுத்தீங்க?" "எங்க வீட்டுக்காரருக்கு." "என்ன சொல்லு அது?" பேச்சியம்மாள் ஜன்னலைப் பார்க்கவில்லை, வாயை மறைத்துக்கொள்ளவில்லை, மேல்வீட்டு டீச்சருக்கே கேட்கும்படி சொன்னாள்: "கோபக்காரி." அந்த அம்மாவின் கண்ணாடிக்குப் பின்னால் சிரிப்பு மெதுவாக ஏறியது. பேனாவை எடுத்துக்கொண்டார். "க் உண்டா, கிடையாதா?" "உண்டு மேடம்," என்றாள் பேச்சி. "நான்தான் போட்டேன்."